வீட்டில் டீக்கி குவளை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலினேசியத் தீவுகளின் செதுக்கு முகங்களை நினைவூட்டும் டீக்கி குவளைகள், 1930களில் கலிபோர்னியாவில் டான் பீச், விக்டர் பெர்ஜரான் ஆகியோர் தொடங்கிய தீவுப்பாணி மதுக்கூடங்களின் வழிவந்தவை. அவற்றை இன்று வீட்டிலேயே செய்பவர்களில் பலர், கண்ணையும் பல்வரிசையையும் செதுக்குவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடக் குவளையின் உட்புறத்துக்குக் காட்டுவதில்லை. பார்வைக்குச் சிற்பம்போல் இருந்தாலும் இது வாய் வைத்துக் குடிக்கும் பாத்திரம். இதை மறப்பதிலிருந்துதான் பெரிய தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு அளவில் நேர்கிறது. உயர்ந்த சூட்டில் சுடப்படும் கல்மண் (ஸ்டோன்வேர்) வகைக் களிமண் உலர்ந்து சுட்டு முடிவதற்குள் நீள அகலங்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு சுருங்கக்கூடும். கொள்ளளவு மூன்று பக்கமும் சேர்ந்து குறைவதால், ஈரத்தில் 500 மில்லி கொண்ட குவளை சூளையிலிருந்து வரும்போது சுமார் 340 மில்லிதான் கொள்ளும். நொறுக்கிய பனிக்கட்டியோடு பானம் நிறைய 450 மில்லியாவது வேண்டுமென்றால், சுடாத ஈரக் குவளை 660 மில்லி கொள்ள வேண்டும். சுட்டபின் 15 செ.மீ. உயரம் வேண்டுமென்றால் மாதிரியை 17 செ.மீ. உயரத்தில் வடிக்க வேண்டும். உங்கள் மண்ணின் சுருக்கத்தை அறிய, ஒரு பட்டையில் 10 செ.மீ. கோடு கிழித்துச் சுட்டு அளந்து பார்ப்பதே நம்பத்தக்க வழி. இன்னொருவர் வடிவமைத்த குவளையின் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பவர்களையும் இந்தச் சுருக்கமே காட்டிக்கொடுக்கும், ஏனெனில் நகல் எப்போதும் மூலத்தைவிடச் சிறுத்தே வரும். அப்படி அச்செடுப்பது பிறர் உழைப்பைத் திருடுவதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபில் டீக்கி என்பது முதல் மனிதனின் பெயர். அவர்கள் கழுத்தில் அணியும் ஹெய் டீக்கி தலைமுறைகள் வழியே கைமாறி வரும் குடும்பச் செல்வம். அதை அப்படியே மதுக்குவளையில் பதிப்பதைவிட, சொந்தக் கற்பனையில் ஒரு முகத்தை உருவாக்குவது மரியாதையானது.

பிளாஸ்டர் அச்சில் வார்ப்பவர்கள், ஸ்லிப் எனப்படும் களிமண் கூழ் கெட்டியாக இருந்தால் தண்ணீர் சேர்த்துவிடுகிறார்கள். தண்ணீர் கூடினால் சுருக்கமும் விரிசலும் கூடும். ஒரு லிட்டர் கூழ் 1,750 முதல் 1,800 கிராம் வரை எடை இருக்க வேண்டும். அந்த எடையிலும் அது பாலாடைபோல் ஓடுவதற்குச் சோடியம் சிலிக்கேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இரண்டு துண்டு அச்சில் உதட்டுக்கு அடியிலோ புருவத்துக்கு அடியிலோ உள்நோக்கிக் குடைந்த பகுதி இருந்தால், அச்சைப் பிரிக்கும்போது அது மாட்டிக்கொண்டு முகத்தைப் பிய்த்துவிடும். குறுகிய மூக்கு உள்ளே கூழ் தேங்கித் திண்டாகிவிடும் என்பதால், மற்ற இடங்கள் 5 மி.மீ. கனத்தில் உலர்ந்த பின்னும் அங்கே ஈரம் தங்கியிருக்கும்.

மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால்தான் குவளை வெடிக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. உண்மையில் வெடிக்க வைப்பது 100 டிகிரி செல்சியஸில் நீராவியாகும் ஈரம்தான். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும் கலம் இன்னும் உலரவில்லை என்று பொருள். சூளையை 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு ஏற்ற வேண்டும். சமையலறை அடுப்பின் 250 டிகிரி மண்ணைப் பீங்கானாக்காது. காற்றில் உலரும் மண்ணில் செய்து வார்னிஷ் பூசிய குவளை அலமாரிக்கு மட்டுமே ஏற்றது.

கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சைப் பூசும்போதுதான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. முதல் சூட்டில் வெந்த குவளையின் மேல் தூசியோ விரல் எண்ணெயோ இருந்தால், பூச்சு உருகும்போது அந்த இடத்தை விட்டு விலகிச் சுருண்டுகொள்ளும். உட்புறத்தில் ஊற்றிச் சுழற்றி வடித்த உடனே வெளிப்புறத்தையும் நனைத்தால், சுவர் இரு பக்கமும் நீரை உறிஞ்சி நிறைந்து பூச்சு பிடிக்காமல் போகும். இடையே ஒரு நாள் விடுவது நல்லது. தடித்த பூச்சு செதுக்குக் கோடுகளை மூழ்கடித்துவிடும். அதற்கு மாற்றாக, இரும்பு ஆக்சைடு கரைசலைத் தடவி, ஈரப் பஞ்சால் மேடுகளை மட்டும் துடைத்து, பள்ளங்களில் கருமை தங்கியபின் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சைப் பூசினால் முகம் உயிர்பெறும். அடிப்புறத்திலும் அதற்கு மேல் 3 மி.மீ. வரையிலும் பூச்சைத் துடைக்காவிட்டால் குவளை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் மிகவும் அஞ்சுவது உட்புறத் தவறைத்தான். டீக்கி பானங்களில் பெரும்பாலானவை எலுமிச்சைச் சாறு கலந்தவை. பெர்ஜரான் 1944இல் தாம் உருவாக்கியதாகச் சொன்ன மை டாயும் அப்படியே. அத்தகைய புளிப்பு, சரியாக உருகாத பூச்சிலிருந்து உலோகங்களைக் கரைத்தெடுக்கும். களிம்பேறிய வெண்கலம்போல் தோன்றும் செம்பு கலந்த மங்கல் பச்சை வெளிப்புறத்துக்கு அழகுதான், ஆனால் உட்புறத்திலும் உதடு படும் விளிம்பிலும் அதைப் பூசவே கூடாது. அங்கே ஈயமற்ற, உணவுப் பாத்திரத்துக்கு உகந்தது என்று குறிக்கப்பட்ட, பளபளப்பான நிறமற்ற பூச்சே வேண்டும். ‘நச்சற்றது’ என்ற குறிப்பு, கையாள்வதற்குப் பாதுகாப்பானது என்பதை மட்டுமே சொல்லலாம். எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு பூச்சின் மேல் வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் அந்தப் பூச்சு ஆகாது, மாறாவிட்டாலும் ஆய்வகச் சோதனைக்கு அது ஈடாகாது.

குறைந்த சூட்டில் வெந்த மண் நீரை உறிஞ்சும் இயல்புடையது. அதன் மேல் பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுந்தால், பானம் சுவருக்குள் ஊறி நாற்றமெடுக்கும். எனவே முதல் விருந்தினருக்குக் கொடுக்கும் முன், குவளையில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால், அந்தக் குவளையில் பேனாக்களைப் போட்டுவைக்கலாம்.