என்எஸ்-3 மென்பொருளில் முதல் பிணைய உருவகப்படுத்தல்

கருவிகளை வாங்காமலேயே பிணைய நெறிமுறைகளைச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும், 2008இல் முதன்முதலாக வெளியான திறமூல மென்பொருளான என்எஸ்-3 மிகவும் ஏற்றது. மூலநிரலைப் பதிவிறக்கி, எடுத்துக்காட்டுகளையும் சேர்க்கும் தெரிவுடன் தொகுத்துக்கொள்ளுங்கள், அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் தொகுப்புக்குச் சற்று நேரம் பிடிக்கும்.

பிறகு பயிற்சிக் கோப்புறையிலுள்ள ‘ஃபர்ஸ்ட்’ என்ற நிரலை இயக்குங்கள். அதில் இரண்டு கணுக்களும் (பிணையத்தில் இணைந்த கணினிகள்), நொடிக்கு 5 மெகாபிட் வேகமும் 2 மில்லிநொடித் தாமதமும் கொண்ட ஓர் இணைப்பும் மட்டுமே உள்ளன. 2ஆம் நொடியில் புறப்பட்ட 1024 பைட் தரவுப் பொதி, 2.00369ஆம் நொடியில் மறுமுனையைச் சேர்ந்ததாகத் திரை காட்டும். அந்த எண்ணை அப்படியே கடந்துவிடாமல் கையால் கணக்கிட்டுப் பாருங்கள்: தரவுக்கு முன்னால் நெறிமுறைகள் சேர்க்கும் தலைப்புகளின் 30 பைட்டுகளையும் சேர்த்து 1054 பைட்டுகளை, அதாவது 8432 பிட்டுகளை, அனுப்ப ஏறத்தாழ 1.69 மில்லிநொடி ஆகும். அதனுடன் இணைப்பின் தாமதத்தைக் கூட்டினால் விடை பொருந்திவிடும். இந்தப் பழக்கத்தையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்.

அடுத்து வேகத்தை மாற்றி மீண்டும் இயக்குங்கள். சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்தும் சோதனைகளில், அவ்வெண்களை உருவாக்கும் தொடக்க மதிப்பான விதை இயல்பாகவே நிலையாக வைக்கப்பட்டிருப்பதால் எத்தனை முறை இயக்கினாலும் ஒரே முடிவுதான் வரும். ஆகவே ஓட்ட எண்ணைக் குறிக்கும் ‘ஆர்என்ஜிரன்’ மதிப்பை ஒவ்வொரு முறையும் மாற்றி, பல ஓட்டங்களின் சராசரியை எடுத்த பின்னரே அறிக்கையில் எழுதுங்கள்.