ராத்திரி ஒன்பது மணி வீடியோவும் விடுதி நெட்டும்

எங்கள் பல்கலைக்கழக விடுதி நெட்வொர்க்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி ஒன்பது ஆனால் போதும், "சார், நெட் செத்துப்போச்சு" என்று புகார் குவியும். பகலில் 12 மில்லிசெகண்டில் திரும்பும் பிங் என்ற சோதனைச் செய்தி, அப்போது 800-ஐத் தாண்டும்.

முதலில் வீடியோ தளங்களின் வேகத்தைக் குறைத்தேன். அது தப்பு. பாட வீடியோவும் சேர்ந்து திக்கியது. கெட்டிக்காரப் பையன்கள், எந்தத் தளம் என்பதை மறைக்கும் விபிஎன் போட்டுத் தப்பித்தார்கள். ஆளுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று உச்சவரம்பு வைத்தால், நள்ளிரவில் லைன் காலியாகக் கிடக்கும்போதும் எல்லாருக்கும் மங்கல் படம்தான்.

உண்மையான வில்லன் வீடியோ அல்ல, வரிசை. பிளேயர் சில விநாடிப் படத்தைத் துண்டாக, மொத்தமாக இழுக்கும். நூறு பேர் இழுத்தால், சேவை நிறுவனத்தின் கருவியில் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், வரிசையில் தேங்கிவிடும்; பின்னால் வருவதெல்லாம் காத்திருக்கும். அதனால் 1000 எம்பிபிஎஸ் லைனை எங்கள் லினக்ஸ் ரவுட்டரிலேயே 900-க்கு இறுக்கி, தேக்கத்தை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டேன். அங்கே 'கேக்' என்ற வரிசை முறை. லினக்ஸின் மையமான கர்னலில் 2018-இலேயே, 4.19 பதிப்பில் சேர்ந்துவிட்டது. அது லைனைச் சமமாகப் பங்கு போடுவது ஒவ்வொரு இணைப்புக்கும் அல்ல, ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும்.

அப்படியும் முதல் நாள் சொதப்பல். பலரிடமிருந்து ஒரே நேரத்தில் கோப்பு இறக்கும் டாரண்ட்டில் இருநூறு இணைப்பு திறந்த ஒருவனே லைனை விழுங்கினான். வெளிப்பக்கம் நேட் (எல்லாக் கருவிகளையும் ஒரே முகவரியில் வெளியே காட்டும் முறை) இருப்பதால் கேக்குக்கு விடுதி முழுக்க ஒரே முகவரியாகத் தெரிந்திருக்கிறது! 'நேட்' என்ற ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்ததும் அடங்கியது.

இப்போது நெரிசலில் பிங் 30-க்குள். வீடியோ தானே 720பி தரத்துக்கு இறங்குகிறது. அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. 4கே வரவில்லை என்று ஒருவன் மட்டும் இன்னும் முறைக்கிறான்.