சுரோஸ்: எண்ணெயில் வெடிக்காமல் பொரிக்க

மைதா, தண்ணீர், உப்பு. ஸ்பெயினில், நீளமாகப் பிழிந்து எண்ணெயில் பொரிக்கும் பலகாரமான சுரோஸின் மாவு பெரும்பாலும் அவ்வளவுதான். முட்டையும் வெண்ணெயும் சேர்த்தால் அதுவும் ருசிதான், ஆனால் மாட்ரிட்டில் காலையில் சாக்லேட்டில் முக்கிச் சாப்பிடும் அந்த மொறுமொறுப்பு வராது.

முதல் தவறு, வெதுவெதுப்பான தண்ணீரில் மாவு பிசைவது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை மாவில் ஒரேயடியாக ஊற்றி, மரக்கரண்டியால் மளமளவென்று கிளற வேண்டும். 250 கிராம் மைதாவுக்கு 250 மில்லி தண்ணீர் சரியாக இருக்கும். மாவு வெந்து கெட்டியாகத் திரண்டால் போதும், சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையாதீர்கள்.

அடுத்ததுதான் ஆபத்தானது: வழவழப்பான வட்டத் துளையில் பிழிவது. எண்ணெயில் விழுந்ததும் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே உருவாகும் நீராவி போக வழியில்லாமல் வெடித்து, கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். நட்சத்திர வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. அந்த வரிப்பள்ளங்களால் மாவு சீராக வேகும். நம் வீட்டு முள்முறுக்கு அச்சே இதற்குப் போதும், துளை மட்டும் பெரிதாக இருக்கட்டும். மாவை இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்புங்கள். உள்ளே சிக்கும் காற்றும் வெடிக்கத்தான் வைக்கும். அப்புறம், மெத்தென்று வரட்டும் என்று சோடா உப்பு போடாதீர்கள். அது போராஸ் என்ற தடித்த வகைக்கு. அதன் மாவும் வேறு, பிழியும் விதமும் வேறு.

எண்ணெய் 190 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும். நாலைந்துக்கு மேல் ஒரே ஈடில் போட்டாலும் அதே கதைதான்.

சாக்லேட்டில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: பாலில் கோகோ கலக்கி நீர்க்க வைப்பது. அது குடிக்கிற பானம். இதுவோ சுரோஸில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அரை லிட்டர் பாலுக்கு 200 கிராம் டார்க் சாக்லேட், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்). சோளமாவை ஆறிய பாலில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், நேரே சூடான பாலில் கொட்டினால் கட்டி தட்டும்.

லவங்கப்பட்டைத் தூள் மெக்சிகோ பழக்கம். ஸ்பெயினில் மேலே கொஞ்சம் சர்க்கரை, அதுவும் விருப்பப்பட்டால். ஆறிய சுரோஸ் தோல் மாதிரி ஆகிவிடும், அதனால் சாக்லேட்டை முதலில் காய்ச்சி இளஞ்சூட்டில் வைத்துவிட்டு, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு பொரிக்க ஆரம்பியுங்கள்.