சத்துணவு வரிசைச் சண்டை நின்ற விதம்

என் நான்காம் வகுப்பில் 36 பிள்ளைகள். மதியச் சத்துணவு வரிசையில் தினமும் தள்ளுமுள்ளு, பட்டப்பெயர் கூப்பாடு. இரண்டு வாரம் இதிலேயே போனது.

முதலில் நானே பக்கத்தில் நின்றேன். நகர்ந்ததும் மறுபடி ஆரம்பம். காலை வழிபாட்டு உறுதிமொழியை வரிவரியாக விளக்கினேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு பையனை வரிசைத் தலைவனாக்கினேன். அவனே முதல் முட்டையை எடுத்துக்கொண்டான்!

அப்புறம் சமையலறை ஜன்னலோரம் மூன்று நாள் சும்மா நின்று பார்த்தேன். சண்டை சோற்றுக்கு இல்லை, தட்டுக்கு. ஆறு தட்டுகளின் விளிம்பு நெளிந்திருந்தது. சாம்பார் வழிந்து கையைச் சுடும். முன்னால் நிற்பவர்கள் நல்லதாகப் பொறுக்கிக்கொள்வார்கள். வரிசையோ வருகைப் பதிவேட்டின்படி, பையன்கள் முதலில். ஆக, நெளிந்த தட்டு தினமும் அதே ஆறு பெண் பிள்ளைகளுக்கு.

நான்கைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். தேறாத இரண்டை மாற்றி வாங்கினேன். அன்றைய தேதி எதுவோ, அந்த எண்ணிலிருந்து வரிசை தொடங்கும். தட்டு கொடுக்கத் தினம் இருவர். சொந்தப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பட்டப்பெயர் சொன்னால் யாரும் கை நீட்டக் கூடாது, வரிசையே காத்திருக்கும். நான்காம் நாள் சத்தம் அடங்கியது.

"32ஆம் தேதி எப்போ வரும் டீச்சர்?" என்று 32ஆம் எண்காரி கேட்டாள். சரிதானே! இப்போது மாதத்தின் முதல் ஐந்து நாள் அந்தக் கடைசி ஐவரிடமிருந்து.