சிறுநீரகம் மாற்றியபின் குளிசைகளை நடத்துவது எப்படி? வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறையக் குளிசையும் ஒரு கிளினிக் கொப்பியும் தருவார்கள். வாட்டில் தாதிமார் நேரத்துக்கு நேரம் கையில் தந்ததை, இனி மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ இருக்கிற வீட்டில் நாமே பார்த்து எடுக்கவேண்டும். சத்திரசிகிச்சை செய்த இடம் கண்டியாகவோ கொழும்பாகவோ இருக்கும். இரவு பஸ் தூரம். அதனால் சந்தேகம் வந்தவுடன் ஓடிப்போய்க் கேட்கிற வசதி நமக்கு இல்லை.

எங்கள் வீட்டில் அண்ணைக்குச் சிறுநீரகம் மாற்றியது. கொடுத்தது அண்ணி. குளிசை விசயம் பார்ப்பது என் பொறுப்பு. நான் டொக்டர் இல்லை. எந்தக் குளிசை எத்தனை மில்லிகிராம் என்பதை உங்கள் கிளினிக்தான் சொல்லும். சொன்ன அளவை வீட்டில் பிசகாமல் எப்படி நடத்துவது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1. முதலில் ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

அண்ணி கொடுத்த சிறுநீரகம் என்ற பாசமெல்லாம் அண்ணையின் உடம்புக்குத் தெரியாது. கிருமியை அடிக்கிற அதே வெள்ளை அணுக்கள் அதையும் அந்நியம் என்று அடிக்கப் பார்க்கும். 1954இல் பொஸ்டனில் ஜோசப் மரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே மாதிரியான இரட்டையர் இருவருக்கிடையே நடந்தது. உடம்பு வேறுபாடு காணாததால் அங்கே இந்த மருந்துகள் தேவைப்படவில்லை. மற்ற எல்லாருக்கும், பெற்ற தாயே கொடுத்தாலும், எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் குளிசை வேண்டும். அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுக்க வேண்டும்.

பலர் தடக்குப்படுவது இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான். உடம்பு தேறிவிட்டது, வயலுக்குப் போகிறார், கலியாண வீட்டில் சாப்பிடுகிறார், “இப்ப சுகம்தானே” என்று ஒரு நேரத்தை விடுகிறார். நிராகரிப்பு, அதாவது உடம்பு புதுச் சிறுநீரகத்தை அடிப்பது, தொடங்கும்போது பெரும்பாலும் நோகாது. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியற்றினின் மட்டும் இரத்தத்தில் சத்தமில்லாமல் ஏறும். கால் வீங்கி, சிறுநீர் குறைந்து நமக்குத் தெரியவரும் நேரத்தில் சேதம் நடந்திருக்கும். ஆகவே சுகமாக இருக்கிறது என்பதை வைத்துக் குளிசையைத் தீர்மானிக்க முடியாது.

2. உங்கள் மூன்று குளிசைகளைப் பெயர் சொல்லி அறிந்துகொள்ளுங்கள்

“வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை” என்று சொல்லிப் பழகாதீர்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்துகள் சேர்ந்து வரும்.

டக்ரோலிமஸ்தான் முக்கியமானது. 1984இல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்தது. இதன் அளவு குளத்து நீர்மட்டம் மாதிரி: இறங்கினால் பயிர் போகும், ஏறினால் கட்டு உடையும். இரத்தத்தில் குறைந்தால் நிராகரிப்பு. கூடினால் காப்பாற்ற வந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அண்ணைக்கு ஒருமுறை அளவு கூடியபோது தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த கை நடுங்கி, பீரிசில் கடகடவென்று சத்தம் கேட்டது. கை நடுக்கம், தலையிடி, நித்திரையின்மை எல்லாம் கிளினிக்கில் சொல்லவேண்டிய விசயங்கள். இதனால் சிலருக்குப் புதிதாகச் சீனி வருத்தமும் வரும். டக்ரோலிமஸுக்குப் பதிலாகச் சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முரசு தடிப்பதும் உடம்பில் மயிர் கூடுவதும் வரலாம்.

இரண்டாவது மைக்கோபினோலேற். வயிற்றைக் குழப்பும், வெள்ளை அணுக்களைக் குறைக்கும். நெஞ்செரிவுக்கு என்று அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்தைச் சேர்த்துக் குடித்தால் இது உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுவது என்று கேளுங்கள். சிலருக்கு இதன் இடத்தில் அசதியோபிரின் கொடுப்பார்கள்.

மூன்றாவது பிரட்னிசலோன். காலையில் சாப்பாட்டோடு எடுப்பது. பசி, முகம் உப்புதல், சீனி, எலும்பு தேய்தல் எல்லாம் இதன் கணக்கில் வரும். முகம் உப்பிவிட்டது என்று இளம்பிள்ளைகள் சொல்லாமல் நிறுத்திவிடுவதுண்டு. திடீரென்று நிறுத்தினால் நிராகரிப்பு ஒருபக்கம் இருக்க, உடம்பே சோர்ந்து விழும். முதல் மாதங்களில் தொற்றுத் தடுப்பதற்கென்று கோட்ரைமொக்சசோல் போன்ற வேறு குளிசைகளும் சேரும். அவை பிறகு நிற்கும், இந்த மூன்றும் அப்படி இல்லை.

ஒரு அட்டையில் மருந்தின் பெயர், மில்லிகிராம், காலை, இரவு என்று பெரிய எழுத்தில் எழுதி, போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அளவு மாறும் ஒவ்வொரு முறையும் பழைய அட்டையைக் கிழித்துப் போடுங்கள்.

3. மணியைத் தெரிவு செய்யுங்கள்

இதற்குக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். நாளுக்கு இருமுறை எடுக்கும் டக்ரோலிமஸை 12 மணித்தியால இடைவெளியில் எடுக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த 12 என்பதுதான் கேள்வி. பலர் காலை 6, மாலை 6 என்று வைப்பார்கள். வயல் வேலைக்கு அது வசதி. ஆனால் கிளினிக் நாளில் மாட்டிக்கொள்வார்கள்.

காரணம் இதுதான். இரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பது, அடுத்த குளிசை எடுப்பதற்குச் சற்று முன், அதாவது முந்தைய குளிசைக்குச் சுமார் 12 மணித்தியாலம் கழித்து. முந்தின மாலை 6க்கு எடுத்துவிட்டுக் காலை 9 மணிக்கு இரத்தம் கொடுத்தால் 15 மணித்தியாலம் ஆகிவிடும். அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி டொக்டர் குளிசையைக் கூட்டினால், அடுத்த வாரம் கை நடுங்கும். அதனால் உங்கள் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் நேரத்தை முதலில் கேளுங்கள், அதற்கு ஒட்டி மணியை வையுங்கள். நாங்கள் காலை 9, இரவு 9 என்று வைத்திருக்கிறோம். இரவுக் குளிசையை வீட்டில் எடுத்துவிட்டே பஸ் ஏறலாம்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் டக்ரோலிமஸ் குறைவாகவே உடம்பில் சேரும். சாப்பிட 1 மணித்தியாலம் முன், அல்லது சாப்பிட்டு 2 மணித்தியாலம் பின் எடுப்பது நல்லது. அது முடியாதவர்கள் ஏதாவது ஒரு முறையைப் பிடித்து ஒவ்வொரு நாளும் அதையே செய்யவேண்டும். ஒருநாள் வெறுவயிறு, மறுநாள் கொத்துரொட்டிக்கு மேல் என்றால் அளவு ஆடிக்கொண்டே இருக்கும்.

மறந்துவிட்டால்? நினைவு வந்தவுடன் எடுங்கள். அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒருபோதும் போடாதீர்கள். விட்டதைக் கொப்பியில் எழுதுங்கள், கிளினிக்கில் மறைக்காதீர்கள். குளிசை எடுத்த கையோடு சத்தி வந்தால் மறுபடி எடுப்பதா என்று போன் எடுத்துக் கேளுங்கள்.

வயிற்றோட்டத்தைப் பற்றி ஒன்று. மருந்தும் சேர்ந்து போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். டக்ரோலிமஸில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: வயிற்றோட்டத்தின்போது இரத்தத்தில் அளவு ஏறும். ஆகவே ஈடுகட்டக் கூடுதலாக எடுக்கக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் போய்க் காட்டவேண்டும்.

4. கிளினிக் நாள்

காலைக் குளிசையை எடுக்காமல் கையோடு கொண்டுபோங்கள். இரவு பஸ்ஸில் மருந்துப் பை மடியில் இருக்கட்டும், மேல் தட்டிலோ பின் பெட்டியிலோ வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் பழக்கத்துக்கு ஒன்றை வாயில் போட்டுவிடாமல் இருக்க, அன்றைய காலைக் குளிசையைத் தனியாக ஒரு சிறு உறையில் போட்டு “இரத்தம் கொடுத்த பிறகு” என்று எழுதி வைத்திருக்கிறேன். இரத்தம் எடுத்தவுடன், வரிசையிலேயே நின்றுகொண்டு, தண்ணீரோடு எடுப்பார். இரவு எத்தனை மணிக்கு எடுத்தது, இரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தது என்ற இரண்டு நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் வருகிற இலக்கத்தைச் சரியாக வாசிக்க முடியாது. பிறஷர் குளிசை போன்ற மற்றவற்றை அன்று காலை எடுக்கலாமா என்பதை முதல் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

பல இடங்களில் டக்ரோலிமஸை முதல் 3 மாதங்களுக்கு ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 8 முதல் 12 நனோகிராம் வரை வைத்திருப்பார்கள், பிறகு 5 முதல் 8 அளவில் இறக்குவார்கள். உங்களுக்கு என்ன இலக்கு என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் இலக்கம் உங்களுடையது அல்ல.

5. கையிருப்பு, கம்பெனி, வெயில்

மருந்துத் தட்டுப்பாடு வன்னிக்குப் புதிதில்லை. 2022இல் நாடு முழுக்கவே பட்டுவிட்டது. குறைந்தது இரண்டு கிழமைக்கான குளிசை எப்போதும் கையில் மிச்சம் இருக்கும்படி பாருங்கள். கடைசி அட்டையை உடைக்கும் நாளில் தேடத் தொடங்காதீர்கள்.

பாமசியில் “அதே மருந்துதான், வேறு கம்பெனி” என்று தந்தால், வாங்குமுன் கிளினிக்கைக் கேளுங்கள். டக்ரோலிமஸில் கம்பெனி மாறினால் அளவை மறுபடி பார்க்கவேண்டும். நாளுக்கு ஒருமுறை எடுக்கும் வகையும் இருமுறை எடுக்கும் வகையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பெட்டியில் பெயர் ஒரேமாதிரி இருப்பதால் இது நடக்கிறது.

தகரக் கூரைக்குக் கீழ் மத்தியானத்தில் என்ன சூடு இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. குளிசையை அட்டையை விட்டுப் பிரிக்காமல், வீட்டின் குளிர்ச்சியான மூலையில், மூடிய பெட்டியில் வையுங்கள். மோட்டர்சைக்கிள் பெட்டிக்குள் வேண்டாம். மைக்கோபினோலேற்றை நசுக்கவோ உடைக்கவோ கூடாது.

6. வேறு யார் மருந்து தந்தாலும்

காய்ச்சலுக்கோ முதுகு நோவுக்கோ தனியாரிடம் போனால், வாய் திறந்து முதலில் சொல்லவேண்டியது: “எனக்குச் சிறுநீரகம் மாற்றியது, டக்ரோலிமஸ் எடுக்கிறேன்.” எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், பூஞ்சணத்துக்குத் தரும் புளுகொனசோல், பிறஷருக்கான டில்டியாசெம் எல்லாம் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிற்றோயின் அளவை இறக்கும். நோவுக்கு டைக்லோபெனாக், இபுபுரோபென் போன்றவை சிறுநீரகத்துக்கே கூடாது. பரசிற்றமோல் அளவோடு எடுக்கலாம். அசதியோபிரின் எடுப்பவருக்கு யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினோல் சேர்ந்தால் எலும்பு மச்சையே பாதிக்கப்படும்.

அப்புறம் சொந்தக்காரர். பார்க்க வருகிறவர்கள் அன்பாகத்தான் கொண்டுவருவார்கள்: எதிர்ப்புச் சக்தி கூட்டும் லேகியம், சீந்தில் கசாயம், வெளிநாட்டுப் பவுடர். நாம் காசும் நேரமும் செலவழித்து அடக்கி வைத்திருப்பதே அந்த எதிர்ப்புச் சக்தியைத்தான். வாங்கி வைத்துவிட்டு நன்றி சொல்லுங்கள், குடிக்கவேண்டாம். பழங்களில் பம்பளிமாசும் கிரேப் புறூட்டும் கூடாது, டக்ரோலிமஸை ஏற்றிவிடும். காமரங்கா சிறுநீரகத்துக்கே ஆகாது.

7. சேறும் கிணறும்

எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்புக்கு எலிக்காய்ச்சல் மற்றவர்களைவிட மோசமாகத் தாக்கும். மண்ணிலும் சேற்றிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் இலங்கையில் இருக்கிறது. முதல் மாதங்களில் வயலுக்கு இறங்கவே வேண்டாம். பிறகு டொக்டர் விட்டால், பூட்ஸ் போட்டு, காலில் காயம் இல்லாத நாளில். விதைப்புக் காலத்தில் எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் தடுப்புக் குளிசையை நீங்களாக எடுக்காமல் கேட்டு எடுங்கள். வெயிலில் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் தேவை, இந்த மருந்துகள் தோல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். வவுனியாவின் சில கிராமங்களிலும் மதவாச்சி, பதவியாப் பக்கத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால் பலர் வடிகட்டிய ஆர்ஓ தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். அது நல்லது, ஆனால் கானைக் கழுவாவிட்டால் கிருமி உள்ளேயே வளரும். கொதிப்பது கிருமியைக் கொல்லும், கரைந்த உப்பை அகற்றாது. இரண்டும் வேறு வேறு வேலை. காய்ச்சாத பால் வேண்டாம்.

தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி கொண்டவை, உதாரணமாகச் சின்னம்மை, தட்டம்மை ஊசிகள், போடக்கூடாது. குழந்தை பெற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லவேண்டும். மைக்கோபினோலேற் கருவைப் பாதிக்கும், கருத்தரிக்கக் குறைந்தது 6 கிழமை முன்பே மருந்தை மாற்றவேண்டும்.

8. எப்போது ஓடவேண்டும்

ஒவ்வொரு காலையும் நிறை, பிறஷர், காய்ச்சல் மூன்றையும் பார்த்து எழுதுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டாலோ, ஒரே நாளில் நிறை 1 கிலோவுக்கு மேல் கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, அடிவயிற்றில் புதுச் சிறுநீரகம் இருக்கும் பக்கம் நொந்தாலோ அன்றே போகவேண்டும். பிரட்னிசலோன் காய்ச்சலை மறைக்கும் என்பதால், காய்ச்சல் இல்லாமலேயே நடுக்கமும் சோர்வும் வந்தாலும் போங்கள்.

எங்கே போவது? காய்ச்சலோடு கண்டிக்குப் பஸ் ஏறவேண்டாம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, மன்னார், எது கிட்டவோ அந்த மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். கொப்பியையும் எல்லாக் குளிசை அட்டைகளையும் கொண்டுபோங்கள். மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், அங்குள்ள டொக்டரிடம் அதைக் காட்டி, மருந்து தொடங்குமுன் ஒருமுறை கதைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாட்டில் மறித்தால் டக்ரோலிமஸ் அங்கே கையிருப்பில் இல்லாமலும் போகலாம். உங்கள் குளிசையை நீங்களே வைத்திருந்து, 9 மணி ஆனதும் தாதியிடம் சொல்லி எடுங்கள்.