மலர்க் கண்காட்சிக்குப் போய் செடி வாங்காமல் திரும்புவது எப்படி?

ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி என்று மலர்க் கண்காட்சி எங்கே நடந்தாலும் கிளம்பிவிடுவேன். மூன்று வருடமாக மே மாதம் எனக்கு இப்படித்தான் போகிறது. தோட்டம் இருப்பதோ மதுரையில், மொட்டைமாடியில். முதல் வருடம் ஊட்டியிலிருந்து இரண்டு பியூஷியா, மூன்று பிகோனியா, ஒரு ஹைட்ராஞ்சியா வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். பியூஷியா ஒன்பதாம் நாள் ஒரு இலைகூட இல்லாமல் குச்சியாக நின்றது. பிகோனியா வெந்த கீரை மாதிரி தொட்டியோரம் சாய்ந்தது. ஹைட்ராஞ்சியா இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஒரு பூ கிடையாது. மொட்டு கட்ட அதற்குக் குளிர் வேண்டும். மதுரையில் குளிருக்கு எங்கே போவது?

அந்தக் காசு வீணான பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: போகும் நாள்

வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். சொந்த வண்டி என்றால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இந்த நடைமுறை. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்விடுவேன்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஊட்டியைவிடக் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவைத்தான் சொல்வேன். ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது, பிரம்மாண்டம், மறுக்கவில்லை. ஆனால் கண்காட்சி நாளில் பின்னால் வருகிற கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போய்விடும். ஒரு தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. நமக்கு வேண்டியதே அந்த ஐந்து நிமிடம்தான்.

படி 2: படம் எடுப்பது

முதல் வருடம் நானூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் பூ. எது என்ன செடி என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு செடிக்கும் மூன்றே படம்: முதலில் பெயர்ப் பலகை, அடுத்து முழுச்செடி தொட்டியோடு, கடைசியில் இலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எந்தப் பலகை எந்தச் செடிக்கு என்ற குழப்பம் வராது. செடியின் பெயர் சொல்லும் செயலிகளை நம்பி நான் கெட்டது போதும். பெட்டூனியா என்று சொல்லும், ஆனால் என்ன ரகம் என்று கேட்டால் முழிக்கும். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைத் தூறலில் பேனா மை கரைந்துவிடும்.

படி 3: தண்ணீர் ஊற்றுகிறவரைக் கேளுங்கள்

காலையில் ஹோஸ் பிடித்து நிற்கிற தோட்டக்காரருக்குத் தெரியாதது எதுவுமில்லை. "அண்ணே, இது எப்ப போட்டது?" என்று ஆரம்பித்தால் போதும். பிரையண்ட் பூங்காவில் ஒரு அண்ணன் பெட்டூனியாத் தொட்டியைத் தூக்கி, அடியைத் திருப்பிக் காட்டினார். ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. "பிப்ரவரில வெதைச்சோம் தம்பி. ரெண்டு தடவ கொழுந்தக் கிள்ளுனோம். கிள்ளலேன்னா ஒத்தக் குச்சியா போயிரும்" என்றார். தடவிப் பார்த்தேன், இலை விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த இரண்டு நிமிடத்தில் வந்தது.

கேளுங்கள், ஆனால் கிள்ளாதீர்கள். ஒரு பெரியவர் ஜெரேனியம் கிளையைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து பூ வெளியே தொங்கியது!

படி 4: வாங்க வேண்டியது விதை மட்டும்

மலையில் பூத்துக் குலுங்குவதில் பெட்டூனியா, சால்வியா, டயாந்தஸ், பேன்சி எல்லாம் நம் ஊரிலும் வரும், ஆனால் மார்கழி, தை மாதங்களில். அதனால் விதையாக வாங்கி அக்டோபர் வரை காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ரோஜாவை மலையில் வாங்கவே வேண்டாம். ஓசூர்ப் பக்கம் ஒட்டுக்கட்டிய செடி நம் ஊர் நர்சரியிலேயே கிடைக்கிறது.

படி 5: பெட்டூனியா விதைப்பு

இரண்டு பாக்கெட் விதையை நான் தொலைத்த இடம் இது. கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000. "விதையைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் போடு" என்று எல்லோரும் சொல்வதை நம்பி மேலே மண் தூவினேன். இருபது நாளாகியும் ஒன்றும் வரவில்லை. விதை பழசு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். இரண்டாம் பாக்கெட்டுக்கும் அதே கதை. பிறகுதான் புரிந்தது: பெட்டூனியா முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தூவிவிட்டு அப்படியே விட வேண்டும், ஒரு சிட்டிகை மண்கூடக் கூடாது. (கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.)

நாற்று விடுகிற குழித்தட்டு (சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு) எனக்குப் பிடிக்காது, சீக்கிரம் காய்ந்துபோகும். தயிர் டப்பாவின் அடியில் நாலு ஓட்டை போட்டாலே போதும். தென்னைநார்த் தூளை மூன்று தண்ணீர் கழுவி உப்பை எடுத்துவிட்டு, மண்புழு உரம் கால் பங்கு கலந்து நிரப்புங்கள். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, மடிப்பில் விதையைக் கொட்டி, விரலால் தட்டித் தட்டித் தூவுங்கள். மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் பச்சைப் புள்ளி தெரியும். நாலைந்து இலை வந்ததும் தனித்தனித் தொட்டி, அப்புறம் அந்த அண்ணன் சொன்னபடி கொழுந்து கிள்ளுதல். அக்டோபர் நடுவில் போட்டால் ஜனவரியில் பூ.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. பூத்த செடியிலிருந்து விதை எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் கலப்பின ரகமாக இருந்தால் தாய்ச்செடி மாதிரியே வராது. என் கருஞ்சிவப்பு அடுத்த வருடம் வெளிறிய ஊதாவாக வந்தது.

நாற்று நன்றாக முளைத்து, தண்டு இடுப்பொடிந்து விழுகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேரும் ஈரம் காக்க டப்பாவை மூடியிருக்கிறார்கள், சரி. முளைத்த பிறகும் மூடியை எடுக்கவில்லை. காற்று இல்லாமல் ஈரத்தில் பூஞ்சை வந்து தண்டை அறுத்துவிடும். முதல் பச்சைப் புள்ளி தெரிந்த அன்றே மூடியைக் கழற்றி, மழைச் சாரல் படாத, வெளிச்சமான ஜன்னலோரத்துக்கு மாற்றிவிடுங்கள்.