எழுதியதை நாலு பேர் முன்னால் வாசிக்கப் போகிறீர்களா?

எங்கள் எழுத்தாளர் கூட்டத்தில் நேரம் பார்ப்பது என் வேலை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கதை எந்த இடத்தில் தொய்கிறது, எப்போது ஆட்கள் செல்பேசியை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒருவருக்கு 8 நிமிடம் போதும். நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் வருகிறது. அந்தக் கணக்கில் 800 சொல். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம், ஒரு பக்கத்தை வாசித்து நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கதை 3,000 சொல் இருந்தால் வேகமாக ஓட்டி முடிக்கப் பார்க்காமல் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்த இரண்டையும் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்தபடி சொல்ல ஆரம்பித்தால் முன்கதையிலேயே 5 நிமிடம் போய்விடும்.

வீட்டில் வாய்விட்டுப் படிக்காமல் வரவே வேண்டாம். மனதுக்குள் படிப்பது இதற்கு உதவாது. நாக்கு தடுக்குகிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலும் அங்கே வாக்கியம் நீண்டிருக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. கண்ணால் படிப்பவர் குழம்பினால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்வார், காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. நாலு எச்சங்களைத் தாண்டி 'வந்தான்' என்று முடிப்பதற்குள், வந்தவன் யார் என்பதே அவருக்கு மறந்திருக்கும். இரண்டாக உடையுங்கள். அதேபோல சுமதி, சுகந்தி என்று ஒரே ஓசையில் தொடங்கும் இரண்டு பேர் கதையில் இருந்தால் ஒருத்தியின் பெயரை மாற்றுவது நல்லது. உரையாடல் நீளமாகப் போனால், பேசுவது யார் என்பதைப் பேச்சுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆறு வரி பேசிய பிறகு வரும் 'என்றாள்' காதுக்கு உதவாது.

தாளில் வாசிப்பதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கி, தாளின் ஒரு புறம் மட்டும் அச்சிட்டு, பக்க எண் போடுங்கள். தாள்களைப் பின் அடித்து இணைக்காதீர்கள், புரட்டும் சத்தம் தொந்தரவு. ஒரு வாக்கியம் பாதியில் அடுத்த பக்கத்துக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். செல்பேசி என்றால் திரை தானாக அணையாதபடி அமைத்து, அழைப்பு வராமல் செய்துவிடுங்கள்.

இனி கூட்டம். 'அவசரத்தில் எழுதினது, சுமாராத்தான் இருக்கும்' என்று தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தலைப்பைச் சொல்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், வாசியுங்கள். நடித்துக் காட்டத் தேவையில்லை. வட்டார வழக்கில் எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பேச்சை அதன் இழுவையோடே சொல்லுங்கள், எழுத்துத் தமிழ் போலத் தட்டையாக்க வேண்டாம். கவிதையை இரண்டு முறை வாசிக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு. முதல் முறை ஓசைதான் காதில் விழும், பொருள் பிடிபட இரண்டாவது முறை வேண்டும்.

பிரதி எடுத்துக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வாசித்து முடிக்கும் வரை கொடுக்காதீர்கள் என்பேன். கையில் தாள் இருந்தால் பாதிப் பேர் ஒற்றுப்பிழை தேடத் தொடங்கிவிடுவார்கள், கதை காதில் ஏறாது.

கேட்கிறவர்களுக்கும் வேலை உண்டு. 'நல்லா இருந்தது' என்பதை வைத்துக்கொண்டு எழுதினவர் என்ன செய்வார்? மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: மனதில் நின்ற ஒரு இடம், குழம்பிய இடம், கவனம் வேறு எங்கோ போன இடம். மூன்றாவதைச் சொல்லத்தான் எல்லோரும் தயங்குவார்கள், எழுதியவருக்கு அதிகம் பயன்படுவதும் அதுதான். 'நானா இருந்தா முடிவை இப்படி வைப்பேன்' என்று யாராவது ஆரம்பித்தால் நான் கடிகாரத்தைக் காட்டிவிடுவேன்.

மற்றவர்கள் கருத்து சொல்லும்போது வாசித்தவர் வாய் திறக்கக் கூடாது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1956இல் மில்ஃபோர்ட் என்ற ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையிலிருந்து பரவிய முறைகளில் இதுவும் ஒன்று: ஒவ்வொருவராகப் பேசுவார்கள், எழுதியவர் கடைசியில்தான் பதில் சொல்வார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. 'அது அப்படியில்லைங்க, அவன் ஏன் அங்கே போறான்னா…' என்று நடுவில் புகாமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். ஆனால் நீங்கள் விளக்கிவிட்டால், கதை தானாக எவ்வளவு சொல்லியிருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். குறிப்பு மட்டும் எடுங்கள்.

பழகியவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். உங்கள் கதையை வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள். நீங்கள் குரலால் சமாளித்த இடங்களில் அவர் தடுமாறுவார். அங்கே ஒரு காற்புள்ளியோ ஒரு சொல்லோ தேவைப்படுகிறது.

திருத்துவதை அன்றைக்கே செய்ய வேண்டாம். ஓரிரு நாள் கழித்துக் குறிப்புகளை எடுத்து, ஒரே இடத்தைப் பலர் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அங்கே கை வையுங்கள். அவர்கள் சொன்ன தீர்வுதான் சரி என்று இல்லை, இடம் சரியாக இருக்கும். ஒருவர் மட்டும் சொன்னது உங்களுக்கும் உறுத்தினால் மாற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.